பலகையின் பின்பக்கம்

மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்தில் நீங்கள் கேட்டுக்கொண்டதும் அதுதான். "அங்க உனக்கு இடம் இருக்கான்னு பார்த்து எழுது. எனக்காகவும் எழுதாத, அவளுக்காகவும் எழுதாத" என்றீர்கள். இந்த ஊர்ப் பள்ளியில் சேர்கிறேனா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதை நான்தான் சொல்ல வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. அம்மா வீட்டில் தொலைபேசி இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான். தொலைபேசியில் நான் "ம்", "சரி", "சாப்பிட்டேன்" தவிர எதுவும் பேசுவதில்லை என்று நீங்களே குறைப்பட்டிருக்கிறீர்கள்.

அம்மா இருப்பது ஒரு பழைய குடைத் தொழிற்கூடத்தின் மாடி. கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அந்தக் கடைக்காரரை மாமா என்று கூப்பிடுகிறேன். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர், "என்னம்மா, உள்ள செங்கல்லா?" என்றார். புத்தகம் என்றேன். "மேலயா கொண்டுபோற? உங்கம்மா வீட்டுக்குள்ள ஒரு குண்டூசி போகணும்னாலே சிபாரிசு வேணும்" என்று சொல்லிக்கொண்டே படியேறினார். இத்தனை வருடம் பழகியும் அம்மா தன் ஓவியம் ஒன்றுக்குக்கூட அவரிடம் சட்டம் போட்டதில்லையாம். அது அவருக்குப் பெரிய மனக்குறை.

முதல் அறையில் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் இருக்கின்றன. நான் சாப்பிடும்போது அம்மா அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். சுவரில் ஒரு ஆணி இல்லை, நாள்காட்டி இல்லை. "இன்னைக்கு என்ன தேதின்னு எப்படித் தெரிஞ்சுக்குவ?" என்று கேட்டேன். "கீழ மாமாகிட்ட நாலு காலண்டர் தொங்குது. நமக்கு எதுக்கு அஞ்சாவது?" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் தேதி பார்க்கச் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது.

என் அறைதான் வீட்டிலேயே பெரியது. உயரமான ஒரு ஜன்னல். சுவரெல்லாம் வெள்ளை, தரை சாம்பல், புதுப் பெயிண்ட் வாசனை. மூலையில் சுருட்டிய மெத்தை. அவ்வளவுதான். நான் தும்மினேன், அறையும் திருப்பித் தும்மியது. அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"பிடிச்சிருக்கா?"

"பெரிசா இருக்கு."

"ம்."

"புக்கெல்லாம் எங்க வைக்கிறது?"

"எங்க வேணா வை. உன் ரூம்."

இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்பா, நான் வருத்தப்பட்டு எழுதவில்லை. ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். நான் வரப்போவது அம்மாவுக்கு எப்போதோ தெரியும். ஒரு மேசை, துணி மாட்ட ஒரு கொக்கி, பூப்போட்ட ஒரு தலையணை உறை, எதுவுமே எனக்கென்று வாங்கி வைக்கவில்லை. முன்பின் தெரியாத விருந்தாளிக்குக்கூட ஏதாவது செய்து வைப்பார்கள் இல்லையா?

அம்மா வேலை செய்யும் இடம் இதைவிட விசித்திரம். மொட்டை மாடிக்குப் போகும் படிக்குக் கீழே ஒரு சந்து இருக்கிறது. அங்கே ஒரு டியூப்லைட். சுவரில் சாய்த்த பலகைகள், சில என் கையளவு, சில கதவளவு. எல்லாமே வெள்ளை. அம்மா குனிந்தபடி உள்ளே போய், ஒரு பலகையை நிமிர்த்தி வைத்து, வெகுநேரம் அதையே பார்க்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைப் பலகை.

"இதுதான் ஓவியமா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல."

"எப்ப ஆகும்?"

"அது தெரிஞ்சா முடிச்சிருப்பேனே."

சரியாகப் புரியவில்லை. புரிந்ததும் எழுதுகிறேன். மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள். கடைப் படிக்கட்டில் ஒயர் சுருளைப் போட்டு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
சுண்டெலி

•

மே 6

என் செல்லச் சுண்டெலிக்கு,

அப்பாவின் முத்தங்கள். உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். நடுவில் ஒருவர் வந்து ஏதோ கேட்டார், நான் பல்பு ஹோல்டர் கொடுத்தேன், அவரும் காசு கொடுத்துவிட்டுப் போனார். அவர் கேட்டது ஸ்விட்ச் என்பது பிறகுதான் மண்டையில் உறைத்தது. பாவம், இந்நேரம் வீட்டில் திட்டு வாங்கியிருப்பார்.

ஒரு கட்டில்கூட இல்லையா? உனக்குத் தரையில் படுத்தால் மூக்கடைக்கும் என்பது அவளுக்கு மறந்துவிட்டதா? உன் அம்மாவைக் குறை சொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தொடங்கினால் தபால்தலை போதாது. அவள் அன்றைக்கும் இப்படித்தான். நான் ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து வைப்பேன், மறுநாள் அது பரணில் இருக்கும். ஒரு தடவை ரேடியோவைத் தேடி வீடு முழுக்க அலைந்தேன். பரணிலிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது. அணைக்கக்கூட இல்லை, அப்படியே தூக்கி வைத்திருக்கிறாள். இதற்கு நான் சிரிப்பதா அழுவதா?

நீ ஒன்றும் கவலைப்படாதே. இரண்டு நாளில் லாரி வரும். கட்டில், எழுதும் மேசை, நாற்காலி, கண்ணாடிக் கதவு வைத்த புத்தக அலமாரி, துணிக்கு ஒரு பீரோ, அறைக்கு நல்ல விளக்கு, மேசைக்கு ஒரு விளக்கு. எல்லாம் நானே போய்ப் பார்த்து எடுத்தது. என் மகள் காலி அறையில் குடியிருக்க வேண்டியதில்லை. அவளிடம் இதற்காகச் சண்டை போடாதே. அப்பா அனுப்பினார் என்று மட்டும் சொல்.

நீ இல்லாமல் வீட்டில் யாரும் என்னைத் திட்டுவதில்லை. படிக்கட்டில் ஒயர் சுருள் இருக்கிறது. நீயாக வந்து எடுத்தால்தான் உண்டு.

அன்பு
அப்பா

•

மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

லாரி வந்தது. எல்லாம் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. மிக்க நன்றி.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். டிரைவர் முதலில் மேலே வந்து அறைகளைப் பார்த்துவிட்டு, "இன்னும் யாரும் குடி வரலையாம்மா?" என்று கேட்டார். "ஏழு வருஷமா இருக்கேன்" என்றாள் அம்மா. அவர் மறுபடியும் சுற்றிப் பார்த்தார். "திருட்டு ஏதாவது போச்சுங்களா?" என்றார் மெதுவாக. கீழேயிருந்து சட்டக்கடை மாமா சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாக இருந்தது.

அம்மா இறங்கி வந்து லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இதெல்லாம் உனக்கு வேணுமா?"

"வேணும்."

"நிஜமாவா, இல்ல அப்பா அனுப்பினார்ங்கறதுக்காகவா?"

"நிஜமா வேணும்மா. புக்கெல்லாம் தரையில கிடக்கு."

"அப்ப ஏத்துங்க" என்றாள் டிரைவரிடம். முகத்தில் கோபம் இல்லை. பார்க்கத்தான் செய்தேன், தேடிப் பார்த்தேன்.

பீரோவையும் அலமாரியையும் சேர்த்து வைக்க நீளமான இடம் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. அங்கே நிறுத்தினார்கள். ஜன்னலில் முக்கால்வாசி மறைந்துவிட்டது. அம்மா ஜன்னல் இருந்த பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள். ஏணி போட்டு நீங்கள் அனுப்பிய விளக்கைத் தானே மாட்டினாள். ஒயரைச் சுவரோடு ஒட்டி எவ்வளவு நேர்த்தியாகக் கொண்டுபோனாள் தெரியுமா, உங்கள் ஆட்கள் தோற்றார்கள். அப்புறம் சந்துக்குள் போய்விட்டாள். நான் புத்தகங்களை உயர வரிசைப்படி அடுக்கினேன். நிம்மதியாக இருந்தது.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். நேற்றுக் காலை அம்மாவுக்குத் தேநீர் கொண்டுபோனேன். சந்தில் அவள் இல்லை. படியின் திருப்பத்தில், காற்று வருவதற்காக விட்ட ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது. அங்கே கொஞ்சம் பகல் வெளிச்சம் விழும். அம்மா ஒரு பலகையை அந்தச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பலகை வெள்ளை, சுவர் வெள்ளை. ஆனால் பலகையைச் சுற்றிச் சுவரில் ஒரு ஆரஞ்சு நிறம். அழுத்தமான நிறமில்லை. ஓடி வந்தவர்களின் கன்னம் சிவந்திருக்குமே, அப்படி.

அது எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். என் சட்டை நீலம். தம்ளர் வெள்ளி நிறம். எதிர்ச் சுவரிலும் ஆரஞ்சாக எதுவும் இல்லை. அம்மா நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சுவரில் கன்னத்தை வைத்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவே எட்டிப் பார்த்தேன். பலகை சுவரை ஒட்டி இல்லை, ஒரு விரல் கனம் தள்ளி நிற்கிறது. அதன் பின்பக்கம் முழுக்கத் தீப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் பெயிண்ட்!

"பின்னாடி போய் அடிச்சிருக்க. யாருக்கும் தெரியாதே."

"தெரியுதே. இவ்வளவு நேரம் நீ எதைப் பார்த்துட்டு நின்ன?"

வெளிச்சம் பின்னால் போய், அந்த நிறத்தின் மேல் பட்டு, சுவருக்குத் திரும்புகிறதாம். நான் பார்த்தது பெயிண்டை அல்ல, பெயிண்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வெளிச்சத்தை. அப்பா, இதை நான் ராத்திரி படுத்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதே பலகையைச் சந்துக்குள் கொண்டுபோய் டியூப்லைட் அடியில் வைத்தால் அந்தக் கன்னம் வெளுத்துவிடுகிறது. அம்மா உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்க்கிறாள். மாதக் கடைசியில் இந்த வீட்டிலேயே கண்காட்சி. ஓவியக்கூடம் நடத்தும் அக்கா ஒருவர் ஆட்களை இங்கே அழைத்துவரப் போகிறாராம். ஒரு பலகைகூட இன்னும் முடியவில்லை.

உங்கள் அன்பு மகள்
சுண்டெலி

•

மே 15

என் செல்லச் சுண்டெலிக்கு,

திருட்டுப் போச்சா என்று கேட்ட டிரைவருக்குத் தனியாக ஏதாவது கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நான் கேட்க நினைத்ததை இத்தனை வருடம் கழித்து ஒருவன் கேட்டிருக்கிறான்.

டியூப்லைட்டில் நிறம் செத்துப்போகும் என்பதை என்னிடம் கேட்டிருந்தால் நான் இலவசமாகவே சொல்லியிருப்பேன். துணிக்கடையில் எதற்காகத் துணியை வாசலுக்குக் கொண்டுபோய் விரித்துக் காட்டுகிறார்கள்? உள்ளே மெரூன், வெளியே பார்த்தால் செங்கல். மூன்று வகை பல்பு அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் சாய்ந்தது, நீலம் சாய்ந்தது, நடுவானது. நான் அனுப்பியதாகச் சொல்லாதே. பெட்டியில் கடைப் பெயர் பெரிதாகப் போட்டிருக்கிறது, அதைக் கிழித்துவிடு.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லாதே. ஒரு அட்டைப்பெட்டி மூடியின் பின்னால் சிவப்புப் பெயிண்ட் அடித்து, கடை வாசலில், சுவரோடு பிடித்துப் பார்த்தேன். கணக்கெழுதுபவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "என்ன முதலாளி, சுவர்ல ஈரமா?" என்கிறார். "கொஞ்சம் சும்மா இரும்யா" என்றேன். தெரிந்தது, சுண்டெலி. மூடியைச் சுற்றி மெல்லிசாக, நீ எழுதியது போலவே. நான் விளக்கு விற்கத் தொடங்கி எத்தனை வருடமாயிற்று. வெளிச்சம் போய்விட்டுத் திரும்பி வரும் என்று யோசித்ததே இல்லை. உன் அம்மா நம் வீட்டில் இருந்தபோதும் இப்படி ஏதாவது செய்துகொண்டிருந்தாளா? எனக்கு ஞாபகம் இல்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. அவளுக்கு வெளிச்சம்தான் வேலை என்றால், பூனை நுழைகிற சந்தில் உட்கார்ந்து எதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள்? அவ்வளவு பெரிய வீட்டில் வேறு இடமே இல்லையா? கேட்டு எழுது.

பள்ளிக்கு என்ன சொல்வதாக இருக்கிறாய்? அவசரமில்லை. சும்மாதான் கேட்டேன்.

அன்பு
அப்பா

•

மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

பல்புகளை மாட்டிப் பார்த்தோம். நடுவானது பரவாயில்லை. அம்மா பெட்டியைப் பார்க்காமலே, "உங்கப்பாவுக்கு நன்றி சொல்லு" என்றாள்.

நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "சந்துல ஏன்மா வேலை செய்யற?" "அங்க இடம் இருக்கு." "இங்க எல்லா இடத்துலயும் இடம்தானே இருக்கு?" அவள் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டாள். பதில் முந்தாநாள் வேறொருவர் வாயிலிருந்து வந்தது.

ஓவியக்கூடத்து அக்கா கண்காட்சிக்கு இடம் பார்க்க வந்தார். அம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அக்கா தன் வீடு மாதிரி நேராக என் அறைக்குள் நுழைந்தார். நான் கட்டிலில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பீரோவைத்தான் பார்த்தார்.

"ஐயோ, இது என்ன? ஜன்னல் எங்க?"

"பின்னாடி இருக்கு" என்றேன்.

"யாரு நீ?"

"இது என் ரூம்."

அவர் திரும்பி அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? அந்த ஜன்னலுக்காகத்தானே இந்த மாடியவே எடுத்த? அப்ப வேலை எங்க செய்யற?"

அம்மா வந்தாள். "மெதுவா பேசு. பொண்ணு படிக்கறா."

"பதில் சொல்லு. எங்க செய்யற?"

"படிக்குக் கீழ."

அந்த அக்கா கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் எதைக் காட்டட்டும் வர்றவங்களுக்கு? சந்துக்குள்ள டார்ச் அடிச்சுக் காட்டவா? ரத்து பண்ணிடறேன், போ" என்றார். அம்மா, "பண்ணிக்கோ" என்றாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போல.

அவர் போன பிறகு நான் தரையில் மண்டியிட்டுப் பார்த்தேன். இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. சுவர் முழுக்க ஆணி அடித்துப் பிடுங்கிய துளைகள். ஒவ்வொன்றையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே வெள்ளை அடித்திருக்கிறாள். தரையில் பெயிண்ட் சிந்திய மேடுகள் சாம்பல் நிறத்துக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுகின்றன. சட்டக்கடை மாமாவிடம் இறங்கிப் போய்க் கேட்டேன். "உனக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா ஒருத்திதான் சுரண்டிட்டு இருந்தா. ஆள் வைக்கலாமேன்னு கேட்டேன். இது நானே செய்யணும்னா" என்றார்.

அப்பா, ஒன்றும் செய்து வைக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அதைத்தான் அம்மா செய்து வைத்திருந்தாள்.

மேலே வந்து கேட்டேன். பேசியதை முடிந்த வரை அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, என் ரூம்ல நீ இருக்கற மாதிரி இருக்கும். இது உன் ரூமா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"ஒரு மேசையாவது போட்டிருக்கலாம்ல?"

அம்மா கொஞ்ச நேரம் கைநகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "வாங்கப் போனேன். கடையில நின்னு பார்த்தேன். உனக்கு உயரமான மேசை பிடிக்குமா, தரையில உக்காந்து எழுதுவியா, என்ன கலர் பிடிக்கும், ஒண்ணும் தெரியல. எதை எடுத்தாலும் அது எனக்குப் பிடிச்சதா இருக்கும். அதான் ஒண்ணும் எடுக்காம வந்துட்டேன். காலியா இருந்தா உனக்கு வேணுங்கறத நீயே வச்சுக்குவேன்னு."

"நான் நீ எதுவுமே செய்யலன்னு நினைச்சேன்."

"தெரியும். லாரி வந்துச்சே."

இதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறையைத் திருப்பி எடுத்துக்கொள், நான் முதல் அறையில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். முடியாது என்றாள். சரி, இரண்டு பேரும் இங்கேயே இருக்கலாம், நீ வேலை செய், நான் படிக்கிறேன் என்றேன். அதற்கும் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். "பக்கத்துல ஆள் இருந்தா எனக்குக் கை ஓடாது. அது என் குணம், மாத்திக்கப் பார்த்தாச்சு. உங்கப்பாகிட்ட கேட்டுப் பாரு."

அதனால் கேட்கிறேன். அறையை நான் வைத்துக்கொண்டால் அம்மாவின் வேலை போய்விடும். அவள் எடுத்துக்கொண்டால், முதல் அறையும் கூடாது என்கிறாள், நான் இருக்க வேறு இடம் இல்லை. உண்மையை எழுதச் சொன்னீர்கள், இதுதான் உண்மை. நான் திரும்பி வந்துவிடவா?

உங்கள் அன்பு மகள்
சுண்டெலி

•

மே 23

என் சுண்டெலிக்கு,

கடையை மதியமே சாத்திவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கணக்கெழுதுபவருக்குச் சந்தேகம்.

நீ திரும்பி வந்தால் எனக்குச் சந்தோஷம். அதை மறைத்து எழுதினால் நான் உண்மை எழுதுகிறவன் ஆகமாட்டேன். உன் அறையில் மின்விசிறிப் பெட்டிகளை அடுக்கிவிட்டேன், ஒரு சொல் எழுதினால் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். ஆனால் ஜன்னலை மறைத்தது நான் அனுப்பிய பீரோ. அதற்காக நீ ஊர் திரும்ப வேண்டியதில்லை. பீரோவைத்தான் தள்ள வேண்டும்.

பக்கத்தில் ஆள் இருந்தால் அவளுக்குக் கை ஓடாது என்பது சத்தியமான உண்மை. அதற்கு நானே சாட்சி. ஆனால் பக்கத்தில் இருந்த ஆள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நான் ஒரு அறையில் சும்மா இருந்து நீ பார்த்திருக்கிறாயா? ரேடியோ ஓடும், நான் அதோடு சேர்ந்து பாடுவேன், ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருப்பேன், "இதைக் கொஞ்சம் பிடி" என்பேன், "என்ன யோசனை?" என்பேன், பதில் வராவிட்டால் "கோபமா?" என்பேன். மலையே பக்கத்தில் இருந்திருந்தாலும் எழுந்து போயிருக்கும்.

நீ அப்படி இல்லை. நீ ஒரு அறையில் இருக்கிறாயா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் எத்தனையோ தடவை விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவள் கண்டதெல்லாம் நான் பக்கத்தில் இருந்ததைத்தான். நீ பக்கத்தில் இருந்து அவள் வேலை செய்து பார்த்ததே இல்லையே. முதலில் கட்டில், பீரோ எல்லாவற்றையும் ஜன்னலிலிருந்து நகர்த்து. ஒரு மூலையில் உட்கார்ந்து படி. கூப்பிட்டால் ஒழியப் பேசாதே. முடியாது என்றால் வந்துவிடு, பெட்டிகளை எடுத்துவிடுகிறேன்.

எனக்காக வராதே. நான் தனியாக இல்லை, கடை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்பு
அப்பா

•

மே 31

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்த வரிசையில்தான் எழுதுவது என் வழக்கம். இந்தக் கடிதத்தில் மட்டும் ஒன்றை முன்னால் எடுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை தள்ளிப்போட்டு எழுதாமலே விட்டுவிடுவேன். நேற்று அம்மாவோடு பள்ளிக்குப் போய், இங்கேயே சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் இதைக் கடையில் நின்றுகொண்டு படித்தால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் காத்திருக்கட்டும்.

இனி வரிசைப்படி எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றே சட்டக்கடை மாமாவும் நானும் பீரோவை நகர்த்தினோம். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தாள். இப்போது கட்டில், பீரோ, அலமாரி எல்லாம் முதல் அறையில் இருக்கின்றன. அந்த அறை அச்சு அசல் நம் வீடு போல இருக்கிறது, நடக்க ஒரு பாதைதான் மிச்சம். அம்மா அதைக் கடக்கும்போது, அடுத்தவர் வீட்டுப் படுக்கையறையைத் தெரியாமல் திறந்துவிட்டவள் மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போகிறாள். ஆனால் எதையும் பரணில் ஏற்றவில்லை. இங்கே பரணும் இல்லை.

பெரிய அறை ராத்திரி என்னுடையது, மெத்தையை விரித்துக்கொள்கிறேன். பகலில் அம்மாவுடையது. பகலில் நானும் அங்கே இருந்து பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். முதல் நாள் மூலையில் உட்கார்ந்து படித்தேன். அம்மா சுவரைப் பார்த்து நின்றாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. சற்று நேரத்தில், "கடைக்குப் போய் ஏதாவது வாங்கிட்டு வா" என்றாள்.

"என்ன வாங்கணும்?"

"ஏதாவது."

ஒரு பெட்டி தீக்குச்சி வாங்கிவந்தேன். மறுநாள் தீக்குச்சி வேண்டியிருக்கவில்லை, ஆனால் வேலையும் நடக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் சத்தமில்லாமல்தான் செய்தேன். மூன்றாவது நாள் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பார்த்தேன். கதை விறுவிறுப்பான இடத்துக்கு வந்திருந்தது, அம்மா இருப்பதையே மறந்துவிட்டேன். திடீரென்று அவள் குரல் கேட்டது.

"நீ பக்கம் திருப்பற சத்தம் கேக்குது."

"நிறுத்திக்கட்டுமா?"

"வேணாம். அது நின்னாதான் திரும்பிப் பார்க்கத் தோணுது."

நான் திருப்பிக்கொண்டே இருந்தேன், அப்பா. உண்மையைச் சொன்னால் சில பக்கங்களைப் படிக்காமலே திருப்பினேன். பின்னால் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் தொடங்கியது. வெளிச்சம் மங்கும்வரை அது நிற்கவில்லை.

ஓவியக்கூடத்து அக்கா ரத்து செய்வதை ரத்து செய்தார். இன்று சாயங்காலம் கண்காட்சி நடந்தது. சட்டக்கடை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்று எல்லாரையும் மேலே அனுப்பினார். படியில் இருட்டாக இருக்குமென்று அந்த அக்கா இந்த வீட்டு விளக்குகளையெல்லாம் போட்டு வைத்திருந்தார். ஐந்து பலகைகள், அந்த விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே வெறும் வெள்ளை. வந்தவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவர் ஸ்விட்ச் பலகை முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு அம்மா என் காதருகே குனிந்து, "இன்னும் மாட்டி முடிக்கலையா?" என்று கேட்டார். மாமா என்னிடம் வந்து, "ஒருத்தராவது சட்டம் கேப்பாங்கன்னு பார்த்தேன், வழியில்ல" என்றார்.

பலகைகள் ஜூன் பாதிவரை சுவரில் இருக்கும். கூட்டம் வருவதற்கு முன்னால், அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அப்பாவை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவள் துணியைப் பிழிந்தாள், இன்னொரு தடவை பிழிந்தாள். "பகல்ல வரச் சொல்லு" என்றாள். இது அவள் சொன்ன சொல், நான் சேர்த்தது அல்ல. அதனால் இன்று கடைசியில் அந்தச் சுவரில் நான் எதைப் பார்த்தேன் என்பதை மட்டும் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. முதல் தடவையாக ஒன்றை எழுதாமல் விடுகிறேன். அதை நீங்கள் வந்து உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். என் அறையில் பெட்டிகளை வேண்டுமானால் அடுக்கிக்கொள்ளுங்கள், விடுமுறைக்கு வந்தால் ஒரு ஆள் படுக்க மட்டும் இடம் விடுங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

கூட்டம் நிறைந்திருந்தபோதே வெயில் இறங்கி ஜன்னல் வழியாக நேராக உள்ளே விழத் தொடங்கியது. பேச்சு அடங்கவில்லை, எல்லாரும் இன்னும் எதற்கோ காத்திருந்தார்கள். அம்மா ஜன்னலருகே நின்றபடி, அத்தனை பேரையும் தாண்டி, கதவோரம் ஸ்விட்ச் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் விளக்குகளை அணைத்தேன்.

உங்கள் அன்பு மகள்
சுண்டெலி